நோய் வந்தால் எந்தக் கதவை மூடுவது?

முதியோர் இல்லம் கட்ட வரைபடத்தோடு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். உள்ளே ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டது. எந்தக் கதவை மூடுவீர்கள்? பெரும்பாலானவர்கள் காம்பவுண்டு சுவரின் மெயின் கேட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். அப்படியானால் அந்த வரைபடத்தைத் திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது முதியோர் இல்லங்களும் அதைத்தான் செய்தன. கேட்டில் பூட்டு தொங்கியது. மகன், மகள், பேரப்பிள்ளைகள் யாரும் உள்ளே வரக்கூடாது. ஆனால் உள்ளே எல்லாம் திறந்தே கிடந்தது: ஒரே ஹாலில் கட்டில் வரிசை, நாலு பேருக்கு ஒரு கழிவறை, எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை, காலையில் ஊரிலிருந்து வந்து மாலையில் திரும்பும் பணிப்பெண்கள். பாசத்தோடு வந்தவர்கள் வெளியே நின்றார்கள். நோய் பணியாளர்களோடு உள்ளே போயிற்று. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாந்து நகரில் 2020 பிப்ரவரி கடைசியில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் தொற்று வெடித்தபோதும் இந்தப் பாடமே கிடைத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் மாறி மாறி வேலை பார்த்த ஊழியர்கள் வழியாக நோய் அடுத்தடுத்த இல்லங்களுக்கும் நடந்தது.

இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். இல்லம் முழுவதையும் மூடாமல் ஒரு பகுதியை மட்டும் மூடும்படி கட்ட வேண்டும். மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

தர்மபுரிக்காரர்களுக்கு இது ஏன் அவசரம்? 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சத்தைச் சற்றே தாண்டியது. அதில் பெரும்பகுதி கிராமங்களில். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கட்டட வேலைக்குப் பெங்களூரு, பனியன் வேலைக்குத் திருப்பூர், கம்பெனி வேலைக்கு ஓசூர் என்று போன பிள்ளைகளின் வீடுகள்தான். வீட்டில் ஆயா இருப்பார். சில வீடுகளில் தாத்தாவும். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021க்கான மதிப்பீட்டில் அது 13.6 ஆகிவிட்டது, பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. கோயம்புத்தூரில் பணம் படைத்தவர்களுக்கான முதியோர் குடியிருப்புகள் ஏற்கனவே ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டன. இங்கே அந்த அளவுக்கு இல்லை. ஆனால் மாந்தோப்பில் ஒரு ஏக்கரை ஒதுக்கி அறக்கட்டளை தொடங்கலாமா என்று கேட்பவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கொட்டாய்க் கணக்கு

நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். ஒரு பெரிய ஊரைச் சுற்றி, யாரோ ஒரு பாட்டன் பெயரோடு 'கொட்டாய்' என்று முடிகிற சின்னச் சின்னக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும். நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, ஐந்தாறு குடும்பங்கள், ஒரு கிணறு, ஒரு களம், ஒரு புளியமரம். அடுத்த கொட்டாய்க்கு நடுவே வயல். ஒரு கொட்டாயில் அம்மை போட்டால் அங்கே வேப்பிலை கட்டுவார்கள். பக்கத்துக் கொட்டாயில் வேலை நடக்கும். திட்டமிட்டுச் செய்ததல்ல, விவசாயத்துக்காக அமைந்த ஊர்முறை. முதியோர் இல்லத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

எட்டு முதல் பத்துப் பேருக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்கு என்று ஒரு சமையலறை, ஒரு சாப்பாட்டு இடம், ஒரு தாழ்வாரம், தனி வாசல். இரண்டு வீடுகளுக்கு நடுவே குறைந்தது இருபதடி திறந்த இடம், அதில் மரம். ஒரு வீட்டில் நோய் வந்தால் அந்த வீட்டை மூடுங்கள். மற்ற வீடுகளில் இட்லி வேகட்டும், தாயம் உருளட்டும்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 முதியவர்கள் தங்கும் அளவில் இல்லம் அமைக்கலாம் என்று மாநில அரசுகளுக்குச் சொல்கிறது. 150 என்றதும் பொறியாளர் கை தானாக மூன்று மாடிக் கட்டடம் வரையும். நடுவே நீண்ட நடை, இருபுறமும் அறைகள். இந்த நடுநடைதான் பெரிய ஆபத்து. இருபுற அறைகளின் மூச்சும் வந்து சேரும் இடம் அது. காற்று வெளியேற வழி கிடையாது. சட்டம் 150 பேருக்கு இடம் கேட்கிறது. ஒரே கூரை கேட்கவில்லை. பத்துப் பேர் வீதம் பதினைந்து கொட்டாய்களாகவும் அதைக் கட்டலாம்.

இது என் கற்பனை ஆசை மட்டுமல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 600க்கும் மேற்பட்ட முதியோர் மருத்துவ இல்லங்களை முதல் அலையின்போது ஆராய்ந்தார்கள். ஓர் அறையையும் கழிவறையையும் எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று கணக்கெடுத்து, நெருக்கம் மிகுந்த இல்லங்களையும் குறைந்த இல்லங்களையும் ஒப்பிட்டார்கள். நெருக்கம் மிகுந்தவற்றில் தொற்றும் இறப்பும் ஏறக்குறைய இரு மடங்கு. அதே 2020இல், மூன்று நான்கு பேர் தங்கும் அறைகளில் புதிதாக ஆள் சேர்ப்பதை அந்த மாகாணம் நிறுத்தியது. அமெரிக்காவில் 2003இல் மிசிசிப்பி மாநிலத்தின் டூபலோ நகரில் தொடங்கிய 'கிரீன் ஹவுஸ்' என்ற முறை பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வீடு, ஆளுக்கொரு அறை, நடுவே ஒரு சமையலறை என்பதுதான். பில் தாமஸ் என்ற மருத்துவர் முதியவர்களின் தனிமையைப் போக்கத் தொடங்கியது அது. தொற்று அவர் மனதிலேயே இல்லை. கொரோனா காலத்தில் பார்த்தால் பெரிய இல்லங்களைவிட அங்கே தொற்றும் குறைவு, இறப்பும் குறைவு.

செலவு கூடுமே என்பீர்கள். கூடும். பத்துச் சமையலறை ஒரு சமையலறையைவிட விலை அதிகம்தான். ஆனால் லிஃப்ட் இல்லை, தூக்கிக் கட்டும் பில்லர் இல்லை, ஜெனரேட்டரில் ஓடும் நடைவிளக்கு இல்லை. தரைத்தள வீட்டை உள்ளூர் மேஸ்திரியே கட்டிவிடுவார். சென்ட் விலை கோவையில் போல இங்கே இல்லாதவரை, மாடி ஏற்றாமல் பரவிக் கட்டுவதே நமக்குக் கட்டுப்படியாகும்.

காற்று

சென்னையில் மின்சார ரயிலில் போனவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் நிலையம் தெரியும். 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையின் பெயர் அது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம். காற்று, வெயில், சத்தான சாப்பாடு, அகலமான வராண்டா ஆகியவைதான் சிகிச்சை. பிறகு மருந்து வந்தது. சென்னையிலேயே 1956இல் தொடங்கிய ஆய்வு, மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தும் சானடோரியத்தில் போலவே குணமாகலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. அதற்குப் பிறகு வராண்டாக்களை அடைத்தோம், கண்ணாடி போட்டோம், ஏசி மாட்டினோம். காற்றால் நோய் குணமாகாது என்பது சரி. காற்றில் நோய் பரவும் என்பதையும் சேர்த்து மறந்துவிட்டோம்.

சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்ஜோ நகரில் ஓர் உணவகத்தில் ஏசி வீச்சில் இருந்த மூன்று மேசைக்காரர்களுக்கு ஒருவரிடமிருந்து தொற்றியது இப்படித்தான். சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது காரணம். தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சித்திரை, வைகாசி தவிர மற்ற மாதங்களில் கூரை மட்டும் சூடேறாமல் இருந்தால் மின்விசிறி போதும். கான்கிரீட் தளத்துக்கு மேல் வெள்ளை ஓடு பதித்து, மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம் இறக்கிவிட்டால் பாதிச் சூடு போய்விடும்.

எவ்வளவு காற்று வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வீடுகளுக்கு ஆள் ஒன்றுக்கு நொடிக்கு 10 லிட்டர், நோயாளி தங்கும் இடத்துக்கு 60 லிட்டர். இதை நம் கணக்குக்கு மாற்றுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி என்றால் உள்ளே ஏறக்குறைய 34,000 லிட்டர் காற்று. ஒருவர் மட்டும் தங்கினால் மணிக்கு ஒரு முறை அந்தக் காற்று முழுதும் மாறினால் போதும். இரண்டு பேர் என்றால் இரண்டு முறை. நோயாளி அறையில் ஆறு முறைக்குமேல். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால் இதெல்லாம் தானாக நடக்கும். ஒரே சுவரில் மட்டும் ஜன்னல் இருந்தால் எவ்வளவு பெரிதாக வைத்தாலும் சந்தேகம்தான்.

சிக்கல் மார்கழியில். இரவில் குளிர் அடிக்கும், முதியவர்கள் ஜன்னலை இழுத்துச் சாத்துவார்கள். கொசுவும் ஒரு காரணம். அவர்களைத் திட்டிப் பயனில்லை. லிண்டலுக்கு மேலே, கட்டிலில் படுத்திருப்பவர் மீது காற்று படாத உயரத்தில், மூட முடியாத வெண்டிலேட்டர் இரண்டு எதிரெதிராக வையுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் இது இருந்தது. கொசுவலை காற்றைத் தடுக்கும் என்பதால் வலை போட்ட திறப்பைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி விடியற்காலை நான்கு மணிக்கு அறையில் வைத்துப் பாருங்கள். வெளியே 420 அளவில் இருக்கும். உள்ளே 800ஐத் தாண்டினால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

வாயு மூலை

ஒவ்வொரு கொட்டாயிலும் ஓர் அறையைத் தனிமை அறையாக ஒதுக்குங்கள். சாதாரண நாளில் விருந்தாளி தங்கலாம். அதற்கு வெளியிலிருந்தே தனி வாசல், தனிக் கழிவறை, தனித் தாழ்வாரம்.

எந்த மூலையில்? ஆனியிலும் ஆடியிலும் நமக்குக் காற்று தென்மேற்கிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. தென்மேற்கு மூலையில் வைத்தால் ஆடிக்காற்று நோயாளி மூச்சை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகும். வடகிழக்கில் வைத்தால் மழைக்காலத்தில் அதே கதை, கூடவே ஈசானிய மூலையில் நோயாளியா என்று உங்கள் மாமனாரே வரைபடத்தைக் கிழித்துவிடுவார். மிஞ்சுவது வடமேற்கும் தென்கிழக்கும். இரண்டு காற்றுக்கும் குறுக்காக, பக்கவாட்டில் இருப்பவை. தென்கிழக்கு அடுப்புக்குப் போகும். வடமேற்கை வாஸ்துக்காரர்கள் வாயு மூலை என்கிறார்கள், விருந்தாளிக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது; ஆனால் காற்றும் வாஸ்துவும் ஒரே மூலையைக் காட்டும்போது சண்டை போடுவானேன்?

இந்த அறையின் கதவு, சட்டம் நீங்கலாக நாலடி இருக்கட்டும். ஸ்ட்ரெச்சர் திரும்ப வேண்டும். 108 வண்டி வாசல் வரை வந்து பின்னோக்கி நிற்கத் தளம் போடுங்கள். 2021 மே மாதத்து ஆக்சிஜன் விஷயத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெரிய 'டி' வகை சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் திறந்தால் ஒரு நாள்கூட முழுதாக வராது, 23 மணி நேரம். கான்சன்ட்ரேட்டர் என்றால் மின்சாரம் வேண்டும். 5 லிட்டர் இயந்திரத்துக்கு ஏறக்குறைய 350 வாட். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று நாலு மணி நேரம் தாங்கினால் அதிகம். ஆகவே தனிமை அறைக்கு வயரிங் இழுக்கும்போதே தனி இன்வெர்ட்டர் லைன் ஒன்று போட்டுவிடுங்கள். இவை மருத்துவமனைக்குப் போகும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே. 2008 முதல் தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நிலம் வாங்கும்போது அங்கே போய்ச்சேர எத்தனை நிமிடம் என்று இரவு பத்து மணிக்கு ஒரு தடவை வண்டி ஓட்டிப் பார்ப்பது, பத்திரம் பார்ப்பதற்குச் சமம்.

குளியலறைத் தரையில் ஒரு செம்புத் தண்ணீர்

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி தர்மபுரியின் எல்லா மேடைகளிலும் உருளும். ஆயுளை நீட்டும் விஷயத்தில் அதற்குச் சற்றும் குறையாத ஒன்று குளியலறைத் தரையில் இருக்கிறது. அதைப் பற்றி எந்த மேடையிலும் பேசமாட்டார்கள். பிளம்பர்கள் நஹானி டிராப் என்பார்கள். தண்ணீர் வடியும் ஓட்டைக்குக் கீழே வளைந்த ஒரு கிண்ணம். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கும். கழிவுக் குழாயின் காற்று அறைக்குள் ஏறாமல் தடுப்பது அந்த இரண்டு அங்குலம்தான்.

2003இல் சார்ஸ் வந்தபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றி, 42 பேர் இறந்தார்கள். வயிற்றுப்போக்கோடு அங்கே வந்து தங்கிய ஒருவரிடமிருந்து தொடங்கியது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே பழகியதால் பல வீடுகளில் டிராப் காய்ந்து போயிருந்தது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் சுழன்றபோது, கழிவுக் குழாயிலிருந்த காற்றை உள்ளே உறிஞ்சியது. விசாரணையில் தெரிய வந்த காரணங்களில் முக்கியமானது இது.

நம் ஊரில் தரையைக் கழுவி விடுகிறோம், ஆகவே பயமில்லை என்று நினைக்காதீர்கள். முதியவர் வழுக்கி விழுவார் என்பதற்காக இப்போது நாமும் உலர்ந்த குளியலறை கட்டுகிறோம், அது சரியும்கூட. அதோடு ஆளில்லாத அறைகள். பெங்களூரில் இருக்கும் மகன் அப்பாவுக்காகப் பணம் கட்டிவிட்டு, அப்பா ஊரைவிட்டு வரமாட்டேன் என்றதும் ஆறு மாதம் பூட்டி வைத்த அறையில் டிராப் காய்ந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை தோறும் ஆளில்லாத குளியலறை ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவதைப் பணிப்பெண்ணின் வேலைப் பட்டியலில் எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் கதவுக்குக் கீழே காற்று நுழைய இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அது வேறு எங்கிருந்தாவது இழுக்கும். ஒவ்வொரு கொட்டாய்க்கும் கழிவுக் குழாயும் செப்டிக் டேங்கும் தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

குளியலறை என்றதும் இன்னொன்று. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் அதைத் தாண்டிய போர் தண்ணீரைக் குடித்தவர்களின் முதுகும் முழங்காலும் விறைத்துப் போயிருக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது. ஆகவே பிடிமானக் கம்பிகளை வேறு ஊர் வரைபடத்தைப் பார்த்து ஒன்று வைத்துவிட்டுப் போகாதீர்கள், இருபுறமும் வையுங்கள். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். 2013இல் அந்தத் திட்டம் வந்ததே ஃப்ளூரைடுக்காகத்தான். ஊரடங்கில் தண்ணீர்க் கேன் வண்டி வராது. ஆளுக்கு 135 லிட்டர் வீதம் பத்துப் பேருக்கு ஒரு வாரம் என்றால் கொட்டாய்க்கு ஒரு பத்தாயிரம் லிட்டர் தொட்டி.

வேலைக்கு வருகிறவர்கள்

ஒரு கொட்டாய்க்கு அதே மூன்று நான்கு பேர்தான் எப்போதும். இங்கே காலை, அங்கே மாலை என்று மாற்றிவிடக் கூடாது. நோய்க்காலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போகாமல் தங்க நேரும். 2020இல் பல இல்லங்களில் அவர்கள் படுத்தது ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கு நடுவே. இரண்டு கட்டில், ஒரு குளியலறை, துணி மாற்ற ஓர் இடம் என்று பணியாளர் அறையை முதல் வரைபடத்திலேயே போடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது வரவே வராது.

எங்கிருந்து ஆள் எடுப்பது? சித்தேரி, கல்ராயன் மலைகளுக்கு நடுவிலுள்ள சிட்டிலிங்கியில் 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஓலைக் கூரையின் கீழ் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். நர்ஸ்களை வெளியூரிலிருந்து வரவழைக்காமல், அந்த மலையிலேயே பிறந்த பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம் வேலைக்கும் அதுவே சரி. இரண்டு கிலோமீட்டருக்குள் வீடு இருக்கிற பெண் பஸ் நின்றாலும் நடந்து வருவாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையும் வேண்டும். 2021 ஆகஸ்டில், நம்மோடு ஒன்றாக இருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிவைக்கப்பட்டது. அந்தத் திட்டத்து ஊழியர் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வருவார். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. அவர் உட்கார மேசை, கை கழுவக் குழாய், முதியவர் சுற்றிப் போகாமல் நேரே வந்துசேர ஒரு சாய்தளம் போதும். சரிவு பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி.

திண்ணை

கடைசியாக, மூடவே கூடாத இடம் ஒன்று. 2020இல் கேட்டுக்கு வெளியே நின்று மகளும் உள்ளே நின்று அம்மாவும் கத்திக் கத்திப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். காது மந்தமான அம்மாவுக்கு "சாப்பிட்டியாம்மா" என்ற ஒரு வார்த்தை கேட்க நாலு தடவை ஆயிற்று. போனில் முகம் காட்டினார்கள். அவர் போனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொற்றிலிருந்து காப்பாற்றி, பேச்சுத்துணை இல்லாமல் ஒடுங்கவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

காம்பவுண்டு சுவரோடு ஒரு திண்ணை கட்டுங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு திறப்பு, அதில் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் குரல் போக வலை அடித்த இடைவெளி. இரண்டு பக்கமும் மேலே ஓட்டுச் சார்ப்பு, மூன்று பக்கம் திறந்த காற்று. உட்காரும் உயரம் பதினெட்டு அங்குலம், சாய ஒரு முதுகு, எழுந்திருக்க ஒரு கம்பி. பெங்களூரிலிருந்து வந்தவர் உள்ளே வராமலே ஒரு மணி நேரம் உட்காரலாம். நல்ல காலத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம். தெருவில் போகிறவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கண்ணாடியைக் கழற்றும்படியான மரச்சட்டம் போடச் சொல்லுங்கள். ஆசாரி நிரந்தரமாக அடித்துவிட்டுப் போவார், நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.